புதுப்பிப்பு: கீசர் போட்டால் ஆர்சிசிபி விழும் பிரச்சினை

முந்தைய பதிவின் கேள்வி: பாத்ரூம் கீசரைப் போட்டதும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது, நாமே பார்க்கலாமா, எலக்ட்ரீசியனைக் கூப்பிடணுமா? கோளாறு எலிமெண்டில்தான் (தண்ணியைச் சூடாக்கும் பாகம்).

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆர்சிசிபியைத் தூக்கினால் விழாமல் நின்றது. ஆக, கசிவு கீசருக்குள். இதுவரை யாரும் செய்யலாம். மல்டிமீட்டரில் எலிமெண்ட் 26 ஓம். 2000 வாட்டுக்குச் சரியான அளவு. பலர் ஏமாறுவது இங்கேதான். உள்ளே சுருள் அறுந்திருக்காது, போர் தண்ணி உப்பு படிந்து மேல் உறை வெடித்திருக்கும். ஆறிய நிலையில் மல்டிமீட்டர் எர்த்துக்கு ஒன்றும் காட்டாமலும் போகலாம். எலக்ட்ரீசியன் 500 வோல்ட் மெக்கர் (அதிக வோல்டேஜில் கசிவைச் சோதிக்கும் மீட்டர்) வைத்ததும் முள் பூஜ்யத்தை ஒட்டி நின்றது. குறைந்தது 1 மெகாஓம் வேண்டும்.

எலிமெண்ட், கேஸ்கெட், கரைந்துபோன மெக்னீசியம் ராடு (தொட்டி அரிக்காமல் காப்பது) மூன்றும் மாற்றியாச்சு. 16 ஆம்பியர் சாக்கெட்டைக் கழற்றினால் பேஸ் முனை கருகியிருந்தது: திருகு தளர்வு, வயரும் 1.5 சதுர மி.மீ. இப்போது 2.5 செம்பு.

"ஆர்சிசிபியை பைபாஸ் பண்ணிடுங்க" என்றவர்களுக்கு: எர்த் அறுந்த வீட்டில் ஷவர் தண்ணியிலேயே கரண்ட் வரும். வேண்டவே வேண்டாம்.

மாற்றியபின் வெந்நீர்க் குழாயில் தண்ணி சீராக வந்த பிறகே சுவிட்ச் போடுங்கள். காலித் தொட்டியில் போட்டால் புது எலிமெண்டும் போச்சு.