மறு: டீ-ஐசிங் — ‘பனியகற்றல்’ சரிதானா?

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

மதுரைப் பேராசிரியர் ஐயா நேற்று அனுப்பிய கலைச்சொல் பட்டியலில், தரையில் உறைந்து ஒட்டிய பனிக்கட்டிக்கு உப்புப் போடும் டீ-ஐசிங் என்பதற்குப் ‘பனியகற்றல்’ என்றும், அது ஒட்டாதபடி முன்கூட்டியே தடுக்கும் ஆன்ட்டி-ஐசிங் என்பதற்குப் ‘பனியெதிர்ப்பு’ என்றும் இருந்தன. இலக்கணத்தில் இரண்டும் பழுதில்லை. ஆனாலும் என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல் கேட்டது என் அக்கா மகன். கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கிறான். கடை வளாகங்கள், அடுக்குமாடி வாசல்கள், வண்டி நிறுத்துமிடங்கள் இவற்றில் குளிர்காலம் முழுக்க ஸ்னோ தள்ளி உப்புப் போடும் ஒப்பந்த வேலை. கூட வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் தமிழர்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் உண்டு, நம் தொண்டி, பெரியபட்டினம் பக்கத்துப் பிள்ளைகளும் உண்டு. புதிதாகச் சேருகிறவர்களுக்கு இரண்டு பக்கத்தில் தமிழில் ஒரு கையேடு எழுதித் தரச் சொன்னான். ஆகவே இது அகராதிக்கான சொல் மட்டுமல்ல. இரவு வேலையில் ஒருவன் கையில் உப்பு வாளியோடு நிற்கும்போது அவன் கையை நடத்தப்போகிற சொல்.

முதலில் ‘பனி’. தேவிபட்டினத்துக் கரையில் பனி என்றால் மார்கழி விடியலில் வள்ளத்தின் அணியத்தில் கை வைத்தால் ஒட்டுகிற ஈரம். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்கிற ஊர் நாம். எங்கள் பிள்ளை ‘பனியகற்றல்’ என்று படித்தால் துண்டை எடுத்துத் துடைக்கத்தான் நினைப்பான். இதைக்கூட விட்டுவிடலாம். பழகினால் சரியாகிவிடும்.

பெரிய சிக்கல் ‘அகற்றல்’ என்பதில். உப்பு பனிக்கட்டியை அகற்றுவதில்லை. அகற்றுவது ஷவலும் வண்டியின் தகடும். உப்பு செய்கிற வேலை வேறு.

அந்த வேலையை நான் இங்கேயே கண்ணால் பார்த்திருக்கிறேன். இளவயதில் கடற்கரை ஐஸ் கம்பெனி ஒன்றில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணீர். பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி வரை குளிர்ந்திருக்கும், ஆனால் உறையாது. உப்பு அதை உறைய விடாது. அதற்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய தகரக் கேன்கள் வரிசையாக முங்கி நிற்கும். கேனுக்குள் இருக்கிற தண்ணீர் பாராக உறைந்துவிடும். ஆக, உறையாத தண்ணீரை வைத்துத்தான் நாங்கள் ஐஸ் செய்தோம்.

பார் உறைந்த பிறகு கேனைத் தூக்கிக் கவிழ்த்தால் வராது. தகரத்தைக் கவ்விக்கொண்டு கிடக்கும். சம்மட்டியால் அடித்தாலும் உடையுமே தவிர வராது. பக்கத்துத் தொட்டியில் சாதாரணத் தண்ணீரில் கேனைச் சற்று நேரம் முக்குவோம். தகரத்தை ஒட்டியிருக்கிற தோல் கனத்துக்கு மட்டும் இளகும். சாய்த்தால் முழுப் பாரும் ‘சர்ர்’ என்று வழுக்கிக்கொண்டு வந்து பலகையில் விழும். ஐம்பது கிலோ பாரை வெளியே எடுக்க ஐம்பது கிலோவையும் உருக்க வேண்டியதில்லை. பிடித்திருக்கிற அந்த ஓரம் விட்டால் போதும்.

கனடாவில் நடைபாதையில் உப்பு செய்வதும் இதைத்தான். பனிக்கட்டிக்கும் சிமென்டுக்கும் நடுவே இருக்கிற பிடியை விடவைக்கிறது. மிச்சத்தைத் தள்ளிவிட வேண்டும். ‘அகற்றல்’ என்று எழுதிக் கொடுத்தால் புதிய ஆள் என்ன செய்வான்? கட்டி முழுக்கக் கரையும்வரை உப்பைக் கொட்டுவான். அக்கா மகன் சொல்கிறான், அந்தத் தொழிலில் தினமும் நடக்கிற தவறு அதுதான் என்று.

கொட்டினால் என்ன என்று நம்மில் சிலர் கேட்கலாம், உப்புதானே. கணக்கைப் பாருங்கள். நன்னீர் உயிர்கள் நெடுங்காலம் தாங்கக்கூடிய குளோரைடு அளவு லிட்டருக்கு 120 மில்லிகிராம் என்று கனடா 2011-இல் வரையறுத்தது. ஒரு கிலோ உப்பில் குளோரைடு மட்டும் 600 கிராமுக்கு மேல். வகுத்தால், ஒரே கிலோ உப்பு சுமார் 5,000 லிட்டர் சுத்தமான தண்ணீரை அந்த வரம்புவரை ஏற்றிவிடும். பதினைந்து லிட்டர் குடத்தில் 330 குடத்துக்கு மேல். நாலு சக்கரத் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி, மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் கோரி நிரப்பிக்கொண்டு வருகிற நம் பெண்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். குளோரைடு மட்குவதில்லை, மண்ணில் வடிபடுவதுமில்லை. பனி உருகும்போது ஓடைக்கும் நிலத்தடிக்கும் அப்படியே போகிறது. எங்கள் வீட்டுக் கிணறு நான் சிறுவனாக இருந்தபோது குடிக்க ஆனது. இப்போது அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. உவர் ஏறிய நிலத்திலிருந்து உவரை இறக்க முடியாது என்று தெரிந்தவர்கள் நாம். சாலை உப்பு சுற்றுச்சூழலுக்கு நச்சு என்று கனடா அரசின் மதிப்பீடு 2001-இல் முடிவு சொன்னது. 2004-இல் நடத்தை விதிகளும் வந்தன.

அடுத்தது ஆன்ட்டி-ஐசிங். இது முன்கூட்டியே செய்வது. ஸ்னோ விழும் முன்பே தரையில் உப்புக்கரைசல் தெளித்துவிட்டால் விழுகிற பனி தரையைக் கவ்வாது, பின்னால் சுலபமாகத் தள்ளலாம். தோசைக்கல்லில் மாவு ஊற்றுமுன் எண்ணெய் தடவுகிற மாதிரி. அடிப்பிடித்த பிறகு சுரண்டுவதைவிட முன்னால் தடவுவதற்கு உப்பும் குறைவு, உழைப்பும் குறைவு.

அந்தக் கரைசலில் உப்பின் அளவு எடையில் 23.3 விழுக்காடு என்று படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் உப்பளத்துக் கணக்கில் அது ஏறத்தாழ 22 டிகிரித் தண்ணீர்! திருப்பாலைக்குடியிலும் வாலிநோக்கத்திலும் பாத்தியில் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பார்களே, அதே டிகிரி. சூடு குளிர் பார்க்கிற டிகிரி அல்ல, தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டுவது. மூன்று டிகிரிக் கடல்நீர் வெயிலில் ஏறி ஏறி 25-ஐத் தொட்டால் உப்பு மணி கட்டும். மணி கட்டுவதற்குச் சற்று முந்திய தண்ணீர்தான் குளிரில் பூஜ்யத்துக்குக் கீழே 21 டிகிரி வரை உறையாமல் நிற்கிறது. உப்பைக் கூட்டினாலும் குறைத்தாலும் அதைவிட முன்பே கெட்டியாகத் தொடங்கிவிடும்.

ஆக இரண்டு வேலையிலும் நடுவே நிற்பது ‘பிடி’தான். சொல்லும் அதைத்தான் பிடிக்க வேண்டும். நம்மிடம் ‘பற்று’ இருக்கிறது. பத்துப்பாத்திரம் என்று தினமும் சொல்கிறோம், அது பற்றுப்பாத்திரம்தான். சட்டியில் காய்ந்து ஒட்டியது பற்று. தரையில் உறைந்து ஒட்டியது உறைபற்று. என் முன்மொழிவு:

ஆன்ட்டி-ஐசிங்: பற்றுத்தடுப்பு.
டீ-ஐசிங்: பற்றிளக்கல்.

‘பற்று’ பற்று-வரவோடு குழம்பும் என்று யாராவது சொல்லக்கூடும். வாசலில் உப்போடு நிற்பவனுக்குக் குழம்பாது.

மூன்றாவதாக, பட்டியலில் இருந்த ‘பொறுப்பான உப்பிடல்’. யாருக்குப் பொறுப்பு, எவ்வளவு என்பது இதில் தெரியவில்லை. உப்பு அளவாக இருக்கிறது என்று நாம் சொல்வதில் பொறுப்பும் அடங்கிவிடுகிறது. முதலீடு போல உப்பீடு. அளவறிந்து இடுவது அளவுப்பீடு.

தேவிபட்டினத்திலிருந்து

———

வணக்கம் அண்ணை.

நான் ஸ்கார்பரோவில பதினொரு வருசமா உந்த வேலைதான் செய்யிறன். நீங்கள் எழுதின ஐஸ் பார் கதையை எங்கட பொடியளுக்கு வாசிச்சுக் காட்டினனான்.

பற்றுத்தடுப்பு நல்ல சொல். ஆனா ‘பற்றிளக்கல்’ வாயில வராது அண்ணை. விடிய மூண்டு மணிக்குக் காத்து முகத்தில அடிக்கேக்க சொல்லுற சொல் வேணும். நாங்கள் உப்புப் போட்டுக் கொஞ்சம் பொறுத்து, ஷவலால ஓரத்தைக் கிண்டிப் பாப்பம். பாளமா எழும்பினா “கழண்டிட்டுது, தள்ளு” எண்டுவம். எழும்பாட்டி இன்னும் பொறுப்பம். திரும்ப உப்புப் போடுறேல்ல. ‘இளகுது’ எண்டு சொன்னா, தண்ணியா ஓடுமட்டும் பாத்துக்கொண்டு நிப்பாங்கள்.

இன்னொண்டு. கூடப் போடுறது அறியாமையால மட்டும் இல்லை, பயத்தாலயும்தான். ஆரும் சறுக்கி விழுந்தா இடத்தின்ர சொந்தக்காரரிலயும் எங்களிலயும் வழக்கு வரும். ஒன்டாரியோவில 2021 தொடக்கம், ஸ்னோவில விழுந்தவை 60 நாளுக்குள்ள எழுத்தில அறிவிக்க வேணும். அமெரிக்காவில நியூ ஹாம்ப்ஷயரில, பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வைச்சு, கணக்கெழுதி வேலை செய்யிற ஒப்பந்தக்காரருக்குச் சட்டத்தில பாதுகாப்பு இருக்கு. பயம் குறைஞ்சால் கையும் குறையும். அதால எத்தினை மணிக்கு, தரை என்ன குளிர், எவ்வளவு உப்பு எண்டு கொப்பியில எழுதுறதையும் கையேட்டில போடுங்கோ. தரைக்குளிர் முக்கியம், காத்தின்ர குளிர் இல்லை. தரை பூச்சியத்துக்குக் கீழ ஒன்பதுக்குப் போனால் சும்மா உப்பு வேலை செய்யாது. அதுக்குப் பிறகு கொட்டுறது வீண். மணல் போடலாம்.

———

தம்பி,

நீங்கள் சொன்னதுதான் சரி. ஐஸ் கம்பெனியில் கேனைச் சாய்க்கும்போது நாங்களும் “கழண்டுக்கிச்சு” என்றுதான் கத்துவோம். கண்ணெதிரே இருந்த சொல்லை விட்டுவிட்டு அகராதியில் தேடியிருக்கிறேன். பற்றிளக்கலை எடுத்துவிடுகிறேன். ‘பற்றுக்கழற்றல்’ இருக்கட்டும். கழன்றதா இல்லையா என்று பார்க்கச் சொல்கிற சொல் அது. கழன்றபின் நிறுத்தவும் சொல்கிறது.

பேராசிரியர் ஐயா ‘உறைபற்று’ என்பதற்கும் ‘உப்பீடு’ என்பதற்கும் இசைவு தெரிவித்துத் தனிமடல் அனுப்பியிருக்கிறார். ‘அளவுப்பீடு’ ஒலிக்கும்போது ‘அளவீடு’ போலக் காதில் விழுகிறது என்கிறார். நியாயம்தான். கையேட்டில் ‘அளவான உப்பீடு’ என்று பிரித்தே எழுதிவிட்டேன். கையேட்டின் முதல் பத்தி இப்படி வந்திருக்கிறது. யாருக்காவது தடுக்கினால் இன்று இரவுக்குள் எழுதுங்கள், நாளை அனுப்ப வேண்டும்:

“முதலில் தள்ளு, பிறகு உப்பு. ஸ்னோ விழுமுன் கரைசல் தெளிப்பது பற்றுத்தடுப்பு. விழுந்து இறுகிய உறைபற்றைத் தரையிலிருந்து விடவைப்பது பற்றுக்கழற்றல். உப்பு முழுவதையும் கரைக்க அல்ல, கழற்ற மட்டும். 20 அடி நீள வாகனப்பாதைக்கு ஒரு பெரிய காபிக் குவளை உப்பு போதும். கல்லுக்குக் கல் நாலு விரற்கடை இடைவெளி இருக்கட்டும். தரை காய்ந்தபின் வெள்ளையாகக் கிடக்கும் உப்பு கூடுதலாகப் போட்டது. கூட்டி அள்ளி வாளியில் போடு, அடுத்த முறைக்கு ஆகும்.”