இயற்கை வாழ்க்கைக்கு மாறியவர்களே, உங்களை உண்மையில் மாற வைத்தது எது?

ஈரத்துணி:
ஒரு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டு வருகிறேன். வாசனை போட்ட தரை துடைக்கும் திரவத்தை நிறுத்தியாயிற்று, பாட்டில் ஷாம்புவுக்குப் பதில் கட்டி ஷாம்பு, காய்கறி முடிந்தவரை இயற்கை விவசாயத்தில் விளைந்தது, புதிதாகப் பிளாஸ்டிக் டப்பா வாங்குவதில்லை. எல்லாம் நன்றாகத்தான் போகிறது. போன வாரம் வந்திருந்த தங்கை சாதாரணமாகத்தான் கேட்டாள், "ஏன்க்கா இதெல்லாம் பண்றே?" என்று. உடம்புக்கு நல்லது என்றேன், எப்படி என்றாள். பூமிக்கு நல்லது என்றேன், நீ போன மாதம்தானே விமானத்தில் போனாய் என்றாள். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

எனக்கு நோய் எதுவும் வந்ததில்லை. யாரோ செய்வதைப் பார்த்து நானும் செய்கிறேனோ என்று இப்போது எனக்கே சந்தேகம். அதனால் கேட்கிறேன், உங்கள் சொந்தக் காரணம் என்ன? பொதுவான காரணங்கள் வேண்டாம், அதெல்லாம் படித்துச் சலித்துவிட்டது. "ரசாயனம் எல்லாமே விஷம்" வகைப் பதிலும் தயவுசெய்து வேண்டாம், தண்ணீரும் ரசாயனம்தான்.

கையுறை:
எனக்குக் காரணம் என் கைதான். பன்னிரண்டு வருடமாக அலுவலகக் கட்டடங்களில் துப்புரவு வேலை. நான்காவது வருடமே விரல் இடுக்குகள் வெடிக்க ஆரம்பித்தன, இரவில் அரிப்பு தாங்காது, களிம்பு தடவினால் பத்து நாள் அடங்கும், மறுபடி வரும். சரி, எல்லாம் கெமிக்கல் செய்கிற வேலை என்று முடிவு கட்டி, வீட்டில் இருந்த ஒவ்வொன்றையும் "இயற்கை" என்று எழுதியிருக்கும் பொருளாக மாற்றினேன். லாவண்டர் எண்ணெய் கலந்த சோப்பு, டீ ட்ரீ எண்ணெய் கலந்த கழுவும் திரவம், இப்படி. கை இரண்டு மடங்கு மோசமானது.

கடைசியில் ஒரு தோல் மருத்துவர் பேட்ச் டெஸ்ட் செய்தார். ஒவ்வாமை தரக்கூடிய பொருட்களை முதுகில் சின்னச் சின்னப் பட்டைகளாக ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துவிட்டு, மேலும் ஓரிரு நாள் கழித்து எங்கே சிவந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். எனக்கு இரண்டு இடம் சிவந்தது. ஒன்று மெத்தில்ஐசோதயசோலினோன், கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்ப்பது. இதைத் தோலில் தடவி அப்படியே விட்டுவிடுகிற கிரீம் வகைகளில் சேர்க்க 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்திருக்கிறது, கழுவிவிடும் பொருட்களில் குறைந்த அளவில் இன்னும் அனுமதி உண்டு. இன்னொன்று லினலூல். இதுதான் வேடிக்கை, இது லாவண்டரில் இயற்கையாகவே இருப்பது. பாட்டிலைத் திறந்து வைத்துக் காற்றுப் படப் பட ஆக்ஸிஜனோடு சேர்ந்து ஒவ்வாமை தரும் பொருளாக மாறிவிடுமாம். அதாவது நான் மருந்து என்று நினைத்துத் தேய்த்ததும் வியாதிதான்.

இப்போது என் வீட்டில் வாசனையே இல்லாத சோப்பு, வெறும் தண்ணீர், தண்ணீரில் கலந்த வினிகர், பருத்தி உள்ளுறை போட்ட கையுறை, அவ்வளவுதான். "இயற்கை" என்ற சொல்லைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பின்பக்கம் பொடி எழுத்தைப் படிக்கிறேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: வினிகரைப் பிளீச்சோடு ஒருபோதும் கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும். வினிகரோடு சமையல் சோடா கலப்பதும் வீண் வேலை, நுரை பார்க்க நன்றாக இருக்கும், ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிட்டுக் கிட்டத்தட்டத் தண்ணீர்தான் மிஞ்சும்.

சோம்பேறி:
என் காரணம் பெயரிலேயே இருக்கிறது. குளியலறையில் பதினான்கு பாட்டில் இருந்தது, இப்போது மூன்று. துடைக்க வேண்டியதும் குறைவு, தீர்ந்துபோச்சு என்று ஓட வேண்டியதும் குறைவு. பூமிக்கும் நல்லது என்றால் சந்தோஷம்.

பழைய சைக்கிள்:
ஈரத்துணி, உங்கள் தங்கை கேட்டது சரியான கேள்வி, கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு வெட்கம்தான் காரணம். வீடு மாறும்போது அலமாரியைக் காலி செய்தேன், அதில் துணிப்பை மட்டும் முப்பத்தொன்று. எல்லாம் "சுற்றுச்சூழலுக்காக" வாங்கியதும் இலவசமாக வந்ததும். 2018இல் டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை ஒரு கணக்குப் போட்டது. இயற்கை விவசாயப் பருத்தியில் செய்த ஒரு பையை, காலநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தால் 149 தடவையும், தண்ணீர் முதல் ஓசோன் வரை எல்லாப் பாதிப்பையும் சேர்த்துப் பார்த்தால் 20,000 தடவையும் பயன்படுத்தினால்தான் சாதாரண மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்று. கடலில் மிதக்கும் குப்பையை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் முப்பத்தொரு பை! ஏழு ஜென்மம் எடுத்தாலும் தீராது.

அன்றிலிருந்து என் மாற்றம் எல்லாம் வாங்காமல் இருப்பதில்தான். சைக்கிள் பழையது, போன் நான்கு வருடம் ஓடியது, சட்டையில் பட்டன் தைக்கக் கற்றுக்கொண்டேன். அப்புறம் சாப்பாட்டை வீணாக்குவதில்லை. 2022இல் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணானது என்றும், அதில் கிட்டத்தட்ட 60 சதவீதம் வீடுகளில்தான் என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் சொன்னது. இயற்கைக் காய்கறியாகப் பார்த்து வாங்கி ஃபிரிட்ஜில் அழுக விடுகிறவர்களை எனக்குத் தெரியும், நானே அப்படி இருந்தவன்.

வரப்பு:
இங்கே எல்லோரும் வாங்குகிறவர்கள் பக்கமிருந்து பேசுகிறீர்கள். நான் மருந்து அடித்தவன். நம் மொழியில் அதற்குப் பெயரே மருந்துதான் பாருங்கள், பூச்சி மருந்து. முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு துண்டு, அதுவும் வியர்வையில் நனைந்து. ஒருநாள் காற்று திரும்பியது. அரை மணி நேரத்தில் தலைவலி, வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது, வியர்வை நிற்கவில்லை, பார்வை மங்கல். மருத்துவமனையில் டார்ச் அடித்துக் கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது என்றார்கள், விஷமுறிவுக்கு அட்ரோபின் ஊசி போட்டார்கள். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து. பூச்சியின் நரம்பில் எந்த நொதியை அது முடக்குகிறதோ அதே நொதி நமக்கும் உண்டு, அவ்வளவுதான் விஷயம். எனக்கு அதைவிடப் பெரிய உறுத்தல் வீட்டில். அந்தச் சட்டையை என் மனைவி குழந்தைகளின் துணியோடு சேர்த்துத்தான் துவைத்துக்கொண்டிருந்தாள். நானும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இயற்கை விவசாயத்துக்கு மாறினேன், ஆனால் சுகமான கதை இல்லை. சான்றிதழ் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி தடை செய்த பொருள் எதுவும் போடாமல் 3 வருடம் ஓடியிருக்க வேண்டும், மற்ற நாடுகளிலும் இப்படி ஒரு காலம் உண்டு. அந்த இடைப்பட்ட வருடங்களில் விளைச்சல் குறையும், ஆனால் இயற்கை என்று சொல்லி விற்க முடியாது. களை பிடுங்கியே முதுகு போய்விட்டது. இன்னொன்று, இயற்கை விவசாயம் என்றால் மருந்தே அடிக்காதது என்று நினைக்காதீர்கள், தாமிரக் கலவைகளும் பூவிலிருந்து எடுக்கும் பைரித்ரினும் அதிலும் உண்டு.

சாப்பிடுகிறவருக்கு எவ்வளவு லாபம்? 2012இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்னது, பூச்சிக்கொல்லி மிச்சம் இயற்கை விளைச்சலில் குறைவு, சத்தில் பெரிய வித்தியாசத்துக்கு உறுதியான ஆதாரம் இல்லை. அதனால் தங்கை கேட்டால் உடம்புக்கு நல்லது என்று சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் யார் உடம்புக்கு என்று அவள் திருப்பிக் கேட்டால் என்னைக் காட்டுங்கள்.

ஈரத்துணி:
வரப்பு அண்ணா, உங்கள் பதிலை இரண்டு முறை படித்தேன். துணி துவைத்த இடத்தில் நின்றுவிட்டேன்.

அதைப் படித்த பிறகுதான் ஒன்று ஞாபகம் வந்தது. அம்மா எங்களோடு ஆறு மாதம் இருந்தார். நான் தரை துடைக்க ஆரம்பித்தாலே எழுந்து வெளியே போய் உட்கார்ந்துவிடுவார். காலில் ஈரம் படக் கூடாது என்று போகிறார் என்றுதான் நினைத்திருந்தேன், ஒருநாள் கோபமாகக்கூடக் கேட்டேன். அந்த வாசனைக்கு மூச்சு முட்டுகிறது என்று அப்போதுதான் சொன்னார், அதுவும் தயங்கித் தயங்கி. அந்த வாரம் திரவத்தை நிறுத்தினேன். அம்மா இப்போது தம்பி வீட்டில் இருக்கிறார், நான் அதை மறந்தே போய்விட்டேன், பழக்கம் மட்டும் தொடர்ந்திருக்கிறது போல. இதைச் சொன்னால் தங்கை, "அப்போ அந்த ஒண்ணை நிறுத்தினா போதுமே, கட்டி ஷாம்பு எதுக்கு?" என்பாள். அதற்குப் பதில் இன்னும் இல்லை. சோம்பேறியின் பதிலைக் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

கையுறை, வினிகர் வாசனையும் நெடியாகத்தானே இருக்கிறது, அம்மா அடுத்த மாதம் வருகிறார். தரைக்கு என்ன செய்யலாம்?

கையுறை:
தரைக்கு வினிகரே வேண்டாம். மார்பிளாக இருந்தால் அமிலம் பட்டு மினுமினுப்பு போய்விடும், மறுபடி மெருகு போட்டால்தான் வரும். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு வாளி, வாசனை இல்லாத சோப்புத் திரவம் சில சொட்டு. கூடப் போட்டால் வழுக்கும், வயதானவர்கள் நடக்கிற வீடு. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத் துடையுங்கள்.