கறள் பிடித்த வில்லுக்கத்தியை எவ்வளவு தூரம் உரசலாம்?

வெள்ளவத்தையான்:
அப்பப்பா மாங்காய் வெட்டவும் ஒட்டுக்கட்டவும் வைத்திருந்த, இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் செய்த வில்லுக்கத்தி, கடற்காற்றுப் படும் எங்கள் வீட்டு லாச்சியில் பல ஆண்டுகள் கிடந்து, திறக்க முடியாதபடி கறளேறிவிட்டது. இரவு முழுவதும் வினாகிரியில் ஊறவைத்து, பிறகு கிரைண்டரில் கொடுத்து அலகை மினுக்கப் போகிறேன். கறள் அரித்த குழிகளை விட்டுவைத்தால் அவற்றில் ஈரம் தங்கி மறுபடியும் கறள் பிடிக்கும் என்பதால், முழுவதையும் எடுப்பதே சரி என்கிறேன்.

கொட்டாஞ்சேனை வாசி:
தம்பி, தயவுசெய்து இரண்டையும் செய்ய வேண்டாம். பிடி எலும்பாக இருந்தால் வினாகிரியின் அமிலம் அதன் சுண்ணத்தைக் கரைத்துவிடும். கறள் தீர்ந்த பிறகு நல்ல உருக்கையும் அரிக்கத் தொடங்கும். கிரைண்டர் அதைவிடக் கெடுதல். மெல்லிய அலகு நொடிகளில் சூடேறி, ஏறத்தாழ 300 பாகை செல்சியசில் நீலம் பாரித்துவிட்டால், அந்த இடத்தில் உருக்கின் பதம் போய்விடும். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. என் மாமாவின் கத்தியைச் சாணைக் கடையொன்றில் கொடுத்தபோது, அலகின் அடியிலிருந்த, ஷெபீல்ட் கத்தி நிறுவனமான ஜோசப் ரொட்ஜர்ஸின் முத்திரையான நட்சத்திரமும் மால்டாச் சிலுவையும் தேய்ந்து மறைந்தன. அது இன்றும் எனக்கு ஆறவில்லை. மூட்டில் தையல் மெஷின் எண்ணெய் சில துளி விட்டு, இரண்டு நாள் பொறுத்து, மெதுவாக அசைத்துப் பாருங்கள்.

வெள்ளவத்தையான்:
எண்ணெய் மூட்டை இளக்கும், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நான் இந்தக் கத்தியைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போவதில்லை; அப்பப்பாவைப்போல் அன்றாடம் மாங்காய் வெட்டப் போகிறேன். வெட்டும் விளிம்பிலேயே குழிகள் இருக்கும்போது அது எப்படி வெட்டும்?

கொட்டாஞ்சேனை வாசி:
விளிம்பைப் பற்றி நீங்கள் சொல்வது நியாயம். அங்குள்ள குழிகளை 1000 இலக்கத் தண்ணீர்க் கல்லில் (நீரில் நனைத்துத் தீட்டும் கல்; இலக்கம் அதன் சொரசொரப்பின் அளவு), பக்கத்துக்குச் சுமார் 20 பாகை சரித்து, கையாலேயே தேய்த்து எடுங்கள். ஈரக் கல்லில் அலகு சூடேறாது. விளிம்புக்கு மேலே அலகிலுள்ள செங்கறளை மட்டும் எண்ணெய் தோய்த்த மிக மெல்லிய உருக்குப் பஞ்சினால் துடையுங்கள். அடியில் தெரியும் கருஞ்சாம்பல் நிறம் காபன் உருக்கில் இயல்பாகப் படிவது. அதைச் சுரண்ட வேண்டியதில்லை.

வெள்ளவத்தையான்:
கிரைண்டரைக் கைவிடுகிறேன். வினாகிரியை மட்டும் விடமாட்டேன்: பிடியில் படாமல், நனைத்த துணியை அலகில் அரை மணி நேரம் சுற்றி, பிறகு அப்பச்சோடா நீரில் கழுவி உடனே உலர்த்துவேன். முத்திரையின் மேல் முதலில் மெழுகு பூசிவிடுகிறேன்.

கொட்டாஞ்சேனை வாசி:
அரை மணி என்றாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துணியை நீக்கிப் பாருங்கள். கழுவிய பிறகு மூட்டுக்குச் சமையல் எண்ணெய் விடாதீர்கள். அது நாளடைவில் பிசினாகி மறுபடியும் இறுக்கிவிடும்.