ஹோம்ஸ்கூல் பிள்ளைங்களோட காட்டுயிர் புராஜெக்ட், எதையும் பிடிச்சு அடைக்காம பண்ண ஐடியா சொல்லுங்க

மன்னார்குடி அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க மன்னார்குடி பக்கம், ரெண்டு பிள்ளைங்களையும் வீட்டுலயே வச்சு படிக்க வைக்கிறோம், பொண்ணுக்கு பத்து வயசு, பையனுக்கு ஏழு. எங்கள மாதிரி இன்னும் சில குடும்பம் நீடாமங்கலம் கும்பகோணம் பக்கம் இருக்காங்க, எல்லாரும் சேர்ந்து விலங்கியல் படிச்ச ஒரு அக்காவ வச்சு சனிக்கிழமைல காட்டுயிர் வகுப்பு நடத்துறோம். பெஞ்சு போட்டு உக்கார்ற வகுப்பு இல்ல, வரப்பு, வாய்க்காக்கரை, குளத்துப் படித்துறைன்னு நடந்துக்கிட்டேதான் நடக்கும். இப்ப ஆளுக்கு ஒரு உயிரினத்த எடுத்து புராஜெக்ட் பண்ணனும், பொங்கலுக்கு முன்னாடி எல்லார் எதிர்லயும் காட்டணும். நெட்ல படம் எடுத்து சார்ட்ல ஒட்டிட்டு வந்தா ஏத்துக்க மாட்டேன்னு அக்கா கண்டிப்பா சொல்லிட்டாங்க.

பொண்ணு நத்தைகுத்தி நாரைய எடுத்துக்கிட்டா, எங்க வீட்டுப் பின்னாடி வயல்லயே வந்து நிக்கும். பையனுக்கு பாம்புதான் வேணுமாம், வேற எது சொன்னாலும் அழுகை. சொந்தக்காரங்க ஆளாளுக்கு கிளிக்குஞ்சு புடிச்சு தர்றேன், குளத்துல ஆமை புடிச்சு தர்றேன்னு நிக்கிறாங்க, எனக்கு அதுல துளிகூட இஷ்டம் இல்ல. உயிர அடைக்கவும் கூடாது, பிள்ளைங்க கையில வச்சு பாக்கவும் ஏதாவது இருக்கணும், எப்படி பண்றது? டெல்டாக்காரங்க சொல்லுங்க ப்ளீஸ்.

வடுவூர்க்காரன்:
அக்கா முதல்ல கிளி, ஆமை ரெண்டையும் அடியோட மறந்துடுங்க. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல நம்மூர் கிளிய வீட்டுல வளக்குறதே குத்தம், குளத்து ஆமையும் அப்படித்தான், பறவை முட்டைய எடுத்தா கூட வேட்டையாடுன கணக்குதான்.

நாரை ரொம்ப நல்ல தேர்வுக்கா. பாப்பாவ நாரை மேஞ்சுட்டு போன வரப்ப பாக்க சொல்லுங்க, காலி நத்தை ஓடு கிடக்கும். ஓடு பெரும்பாலும் உடையாம முழுசா இருக்கும், உள்ள சதையும் இருக்காது, வாயில இருக்குற அந்த வட்ட மூடியும் இருக்காது. ஏன்னா அது ஓட்ட நொறுக்குறதில்ல. கீழ் அலகு நுனிய மூடிக்கு இடுக்குல விட்டு, சதை ஓட்டோட ஒட்டியிருக்குற தசைய அறுத்து முழுசா உருவிடும். பாக்குவெட்டி மாதிரி அலகு நடுவுல இடைவெளி இருக்குறதால நசுக்கித்தான் திங்குதுன்னு ரொம்ப பேர் நினைச்சுக்கிறாங்க, ஆனா குஞ்சுக்கு அந்த இடைவெளியே இருக்காது, வளர வளரத்தான் வரும். உடைஞ்ச ஓடு, ஓட்டை விழுந்த ஓடு கிடைச்சா அது வேற யாரோ தின்னது, எலியா இருக்கலாம் செம்போத்தா இருக்கலாம். பாப்பா பொறுக்குன ஓட்ட எல்லாம் ரெண்டு டப்பாவுல பிரிச்சு வைக்கட்டும், மூடிய தனியா தேடட்டும், எந்த வயல்ல எடுத்ததுன்னு ஒவ்வொண்ணுலயும் பென்சில்ல எழுதட்டும், அதுவே புராஜெக்ட்ல பாதி.

மீதி பாதிக்கு ஒரு கேள்விய அவளே புடிக்கணும். உதாரணத்துக்கு, நாரை எந்த வயல்ல இறங்குது எந்த வயல்ல இறங்கல. உழவு ஓட்டுற வயல்லயும் புதுசா நடவு நட்ட வயல்லயும் இறங்கும், சம்பா பயிர் உசந்து மூடிக்கிட்டா வராது, இத அவளே நோட்டு போட்டு கண்டுபுடிச்சா அந்த சந்தோஷமே தனி. கோடைல நத்தை எங்க போகுதுன்னும் கேட்டு வைங்க, சேத்துக்குள்ள இறங்கி மூடிய இழுத்து சாத்திக்கிட்டு அடுத்த தண்ணி வர்ற வரைக்கும் கிடக்கும்.

ஒண்ணே ஒண்ணு, கால்ல புண்ணு இருந்தா வயல் தண்ணில இறக்காதீங்க, எலிக்காய்ச்சல் வரும். ஓட்ட தொட்டதும் சோப்பு போட்டு கை கழுவணும்.

நாகை டீச்சர்:
பையனுக்கு நான் சொல்றேன் சிஸ்டர். பாம்பு வேண்டாம்னு சொல்லாதீங்க, ஆசையா கேக்குற பிள்ளைய அந்த பக்கமே போகவிட்டாத்தான் நல்லா படிக்கும். பாம்புச் சட்டைய குடுங்க. வைக்கப்போர் பக்கம், கோழிக்கூட்டு பின்னாடி, கல்லு அடுக்குன இடத்துல கிடைக்கும், ஆனா பெரியவங்கதான் குச்சியால எடுத்துட்டு வரணும், பையன் கைய விட்டு தேடவே கூடாது. லேசா தண்ணி தெளிச்சு ஈரமாக்கி வெள்ளத்துணில விரிச்சு வைங்க, லென்ஸ் ஒண்ணு வாங்கி குடுங்க. தலைப்பகுதி முழுசா இருந்தா கண்ணு இருந்த இடத்துல கண்ணாடி மாதிரி ரெண்டு சின்ன வட்டம் தெரியும், பாம்புக்கு இமை கிடையாது, அந்த மூடியும் சட்டையோடயே கழண்டு வந்துடும். வயித்துல அகலமான செதில், முதுகுல சின்ன செதில். வால் அடியில செதில் ரெண்டு வரிசையா இருக்கா ஒத்த வரிசையான்னு பாக்க சொல்லுங்க, சாரைக்கும் நல்லபாம்புக்கும் ரெண்டு வரிசை, கட்டுவிரியனுக்கு ஒத்த வரிசை. சட்டை இழுபட்டு நீண்டு வர்றதால பாம்பவிட நீளமா இருக்கும், அளந்து எழுதறப்ப அதையும் குறிச்சுக்கட்டும்.

கூடவே விஷமுறிவு மருந்து எந்த நாலு பாம்புக்கு செய்யுதுன்னு ஒரு சார்ட் போடலாம், நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். அந்த விஷத்த எடுத்துக் குடுக்குறது இருளர் மக்களோட கூட்டுறவு சங்கம், 1978ல ஆரம்பிச்சது. அந்த சமூகத்து வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023ல பத்மஸ்ரீ குடுத்தாங்க, பையனுக்கு அவங்க கதைய கட்டாயம் சொல்லுங்க. பள்ளிக்கூடம் போகாமலே ஒரு உயிரினத்த அவ்வளவு ஆழமா படிச்சவங்க, உங்க பிள்ளைங்க கேட்டா கண்ணு விரியும்.

ஆத்தங்கரை:
எல்லாம் சரிதான், ஆனா தலைப்பிரட்டைய ஒரு பாட்டில்ல போட்டு வளத்தா என்ன ஆயிடப்போகுது? நாங்கல்லாம் அப்படித்தானே வளந்தோம். கால் முளைக்கிறத பாத்தாத்தானே புரியும்.

வடுவூர்க்காரன்:
தம்பி பாட்டில்ல பாதி செத்துப்போகும், நாத்தம் வந்து அம்மா ஊத்திடுவாங்க, நாம வளந்த காலத்துலயும் அதுதான் நடந்துச்சு. குட்டையிலயே பாக்கலாமே. ஒரு குச்சி ஊனி அடையாளம் வச்சுட்டு ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவ அதே இடத்துக்கு போய் வரைஞ்சா கால் முளைக்கிறது, வால் சுருங்குறது எல்லாமே தெரியும். எத கொக்கு தின்னுச்சு, எத தட்டான் குஞ்சு புடிச்சுச்சுன்னும் தெரியும், அது பாட்டில்ல கிடைக்காது.

மன்னார்குடி அம்மா:
ரொம்ப ரொம்ப நன்றிங்க. நேத்து சாயங்காலமே பொண்ண கூட்டிட்டு வரப்புக்கு போயிட்டோம், நாத்தங்கால் ஓரத்துல நாரை நின்ன இடத்துலயே நிறைய ஓடு, அண்ணன் சொன்ன மாதிரி ஒண்ணுலயும் மூடி இல்ல. அவளே ஒரு மூடிய சேத்துல இருந்து கண்டுபுடிச்சா, உள்பக்கம் முத்து மாதிரி பளபளன்னு இருந்துச்சு, ராத்திரி தூங்குற வரைக்கும் அத கைல வச்சு திருப்பி திருப்பி பாத்துக்கிட்டே இருந்தா. பையனுக்கு பாம்புச் சட்டை தேட மாமனார்கிட்ட சொல்லியாச்சு. பொங்கல் லீவுல பறவைக் கணக்கெடுப்பு வருதுல்ல, அதுல பிள்ளைங்கள சேக்கலாமா? வடுவூர் ஏரிக்கு எந்த நேரம் வந்தா நல்லா பாக்கலாம்ணே?

வடுவூர்க்காரன்:
தாராளமா சேக்கலாம்க்கா, பதினஞ்சு நிமிசம் ஒரே இடத்துல நின்னு பாத்ததெல்லாம் எண்ணி ஈபேர்ட்ங்கிற பறவைப் பதிவு வெப்சைட்ல போட்டா போதும், உங்க கொல்லையில நின்னே பண்ணலாம். ஏரிக்கு வர்றதுன்னா விடிஞ்ச கையோட வந்துடுங்க, வெள்ளை அரிவாள்மூக்கனும் நாரையும் கூட்டம் கூட்டமா வயலுக்கு கிளம்புற நேரம். இல்லன்னா சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல, எல்லாம் திரும்பி கருவேல மரத்துல வந்து அடையும். பைனாகுலர் இல்லன்னா சொல்லுங்க, என்கிட்ட ஒண்ணு இருக்கு.