ஆறாவது சுற்றில் கெண்டைக்கால் பிடிக்கிறது: லூபஸா, ரத்தக் குழாய் அடைப்பா?

வளவுக்காரி:
வயது 43. லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்குகிற நோய்) வந்து 14 வருடம். கானாடுகாத்தான் பக்கம், முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடிகிற பழைய வீடு. முகப்பிலிருந்து பின்கட்டு வாசலுக்குப் போய்த் திரும்புவதுதான் என் நடைப்பயிற்சி. முன்பு இருபது சுற்று சாதாரணமாகப் போகும். ஆடியிலிருந்து, ஆறாவது சுற்றில் இடது கெண்டைக்கால் கல்லாக இறுகிவிடுகிறது. வளவுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றால் மூன்று நிமிடத்தில் விட்டுவிடும். மறுபடி நடந்தால் மறுபடி ஆறில் பிடிக்கும். ஆத்தங்குடிக் கல்லில் வெறுங்காலோடு நின்றால் இடது பாதம் மட்டும் சில்லிட்டுப் போகிறது. நாலு வருடம் முன்பு பழனிக்குப் பாதயாத்திரை போன கால் இது.

ஒரு மருத்துவரிடம் காட்டினேன். "லூபஸ்னா மூட்டு வலி இருக்கத்தானம்மா செய்யும்" என்று வலி மாத்திரை எழுதினார். வலி மூட்டில் இல்லை, சதையில் என்றேன், காதில் ஏறவில்லை. அடைப்பாக இருக்குமோ என்றால், அது சிகரெட் பிடிக்கிற ஆம்பளைக்கு வருவது என்று அண்ணன் சிரிக்கிறார். எந்த டெஸ்ட் கேட்க வேண்டும்?

டாப்ளர்காரன்:
ஆச்சி, மதுரையில் ரத்தக் குழாய்ப் பிரிவில் டெக்னீஷியனாக இருந்தவன் நான். மருத்துவர் இல்லை. ஆனாலும் ஒரே தூரத்தில் பிடித்து, நின்றால் விடுகிற வலி என்றால் முதலில் ரத்த ஓட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். மூட்டு வாதம் சுற்று எண்ணிக்கொண்டு வராது. முதுகில் நரம்பு நெருக்கினாலும் நடக்கையில் கால் வலிக்கும். ஆனால் அது சும்மா நின்றால் போகாது, உட்கார வேண்டும் அல்லது குனிய வேண்டும்.

ஏபிஐ கேளுங்கள், கணுக்கால் பிரஷரைக் கைப் பிரஷரோடு ஒப்பிடுகிற டெஸ்ட். பத்து நிமிடம் படுக்க வைத்து, இரண்டு கையிலும் இரண்டு கணுக்காலிலும் பிரஷர் எடுப்பார்கள். காலில் ஸ்டெதஸ்கோப் உதவாது. ரத்த ஓட்டத்தைச் சத்தமாக்கிக் காட்டுகிற, பேனா மாதிரியான டாப்ளர் கருவியை வைத்தால் நாடி 'ஷ்ஷ், ஷ்ஷ்' என்று கேட்கும். பாதத்தின் மேல் ஒரு நாடி, உள்கணுவுக்குப் பின்னால் ஒன்று. இரண்டில் கூடுதலானதைக் கையின் கூடுதல் அளவால் வகுப்பது, அவ்வளவுதான். 1.00 முதல் 1.40 வரை சரி. 0.90 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு. 1.40ஐத் தாண்டினால் சந்தோஷப்படாதீர்கள்: குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து, பிரஷர் பட்டைக்கு அமுங்கவில்லை என்று அர்த்தம். சிறுநீரகம் கெட்டவர்களிடமும் நாள்பட்ட சர்க்கரைக்காரர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். அப்போது கால் கட்டைவிரலில் குட்டிப் பட்டை போட்டு எடுப்போம். படுத்திருக்கையில் சரியாக வந்தாலும் விடாதீர்கள், நடக்க வைத்து உடனே மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

தேவகோட்டைத் திண்ணை:
நானும் லூபஸ்தான். அண்ணனிடம் சொல்லுங்கள் ஆச்சி, நம் ரத்தக் குழாயின் உள்சுவர் வருடக்கணக்கில் அழற்சியிலேயே கிடக்கிறது. அதனால் கொழுப்பு சின்ன வயதிலேயே படியும். ஸ்டீராய்டும் பிரஷரும் அதற்குத் துணை. ஆன்டிபாஸ்போலிப்பிட் சோதனை செய்திருக்கிறீர்களா? அது பாசிட்டிவ் என்றால் ரத்தம் உறைகிற ஆபத்தும் உண்டு.

ஆனால் எல்லாமே அடைப்பு இல்லை. எனக்கும் நடந்தால் வலிதான், தொடை இடுக்கில். ஏபிஐ 1.1 வந்தது. கடைசியில் எம்ஆர்ஐயில் பார்த்தால், ஸ்டீராய்டால் இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை செத்துப்போயிருந்தது. குளிரில் விரல் வெளுத்து நீலமாகி அப்புறம் சிவக்கிறதே, அது ரேனாட், வேறு சங்கதி. விரல் நுனி கறுத்தாலோ புண் ஆறாவிட்டாலோ சும்மா இருக்காதீர்கள். கால் திடீரென்று வெளிறி, சில்லிட்டு, மரத்துப்போனால் விடியட்டும் என்று படுக்கவே கூடாது. அந்த நிமிடமே வண்டி பிடிக்க வேண்டும்.

வளவுக்காரி:
மதுரை போய் வந்தேன். கை 138, வலது கணுக்கால் 142, இடது 112. ஐயாவின் பழைய பேரேட்டுப் பின்பக்கத்தில் நானே வகுத்தேன்: வலது 1.03, இடது 0.81. டாப்ளர் ஸ்கேனில் தொடையில் அடைப்பு தெரிந்தது. சாயம் ஏற்றி எடுக்கிற சிடி இப்போதைக்கு வேண்டாமாம், என் சிறுநீரகம் அப்படி. ஆஸ்பிரினும், கொழுப்பைக் குறைக்கிற ஸ்டாட்டினும் கொடுத்திருக்கிறார்கள். நடையை விடக் கூடாதாம். வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்க வேண்டும். அந்த வலி மாத்திரையைப் பார்த்ததும் முதல் வேலையாக நிறுத்தினார்கள், அதுவும் சிறுநீரகத்துக்கு ஆகாதாம். அண்ணன் இப்போது திண்ணையில் உட்கார்ந்து சுற்று எண்ணுகிறார். தப்பாகத்தான் எண்ணுகிறார்.