மறு: மறு: பாத்திரத்தின் ஆறு எண்களுக்கு என்ன பெயர்? (வெள்ளிக்குள் வேண்டும்)

தலவாக்கலை டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குத் தாள் போக வேண்டும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

விடுமுறையில் தரம் 8, 9 பிள்ளைகளுக்கு ஒரு மேசை விளையாட்டு நடத்தப் போகிறோம். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து "நான் இதைச் செய்கிறேன்" என்பார்கள். ஆறு முகத் தாயக்கட்டை உருட்டி, நடந்ததா இல்லையா என்று பார்க்க வேண்டும். கதை கோப்பிக்காலத்துக் கதை, அதாவது மலைநாட்டில் தேயிலைக்கு முன் கோப்பித் தோட்டங்கள் இருந்த காலம். தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னாரில் கரையிறங்கிய ஒரு கூட்டம் காட்டுப்பாதையில் நடந்து மாத்தளைக்கு வந்து சேர வேண்டும். காய்ச்சல், தண்ணீர்த் தட்டுப்பாடு, காட்டு மிருகம் எல்லாம் வழியில் உண்டு.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு எண்கள். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டின் முறைதான்: உடல் பலம், கை லாவகம், தாக்குப்பிடிக்கும் சக்தி, படிப்பறிவு, பட்டறிவு, ஆட்களை ஈர்க்கும் தன்மை. மூன்று கட்டைகளை உருட்டிக் கூட்டினால் 3 முதல் 18 வரை வரும். இந்த ஆறையும் சேர்த்துச் சொல்ல ஒரு சொல் வேண்டும். ஆறுக்கும் தனித்தனியே சின்னச் சின்னச் சொற்களும் வேண்டும். தாளில் பெட்டி சிறியது. "ஆங்கிலத்தில் சொல்கிற மாதிரி ஸ்டாட்ஸ் (stats) என்றே போட்டால் என்ன?" என்று ஏற்கனவே இரண்டு பேர் கேட்டாயிற்று, நீங்களும் கேட்காதீர்கள்.

கொழும்பிலிருந்து, ஹட்டன்காரன்:

டீச்சர், 'புள்ளிவிபரம்' மட்டும் வேண்டவே வேண்டாம். அதைப் பார்த்தால் பிள்ளைகள் சலாகை வரைபடம் கீறத் தொடங்கிவிடுவார்கள். இயல்பு, எண் இரண்டையும் சேர்த்து 'இயல்பெண்' என்று வைக்கலாமே? சின்னது, புதுசு, வேறெங்கும் மோதாது.

பதுளை ஐயா:

தம்பி, சேர்த்து எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாரும். குற்றியலுகரம் கெட்டு உயிர் ஏறியதும் அது 'இயல் பெண்' ஆகிவிட்டது. 'பண்பெண்' என்று யாராவது கிளம்புமுன் சொல்லிவிடுகிறேன், அதற்கும் இதே கதிதான்.

இதற்கெல்லாம் ஏன் கடல் கடந்து போக வேண்டும்? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் தலைவனுக்கும் தலைவிக்கும் ஒத்திருக்க வேண்டியவற்றை எண்ணி வைத்திருக்கிறார்: "பிறப்பே குடிமை ஆண்மை ஆண்டோடு உருவு நிறுத்த காம வாயில் நிறையே அருளே உணர்வொடு திருவென". பத்து. இது பாத்திரத் தாள் இல்லாமல் வேறென்ன? 'ஒப்பு' என்றே பெயர் வைக்கலாம். பத்து அதிகமென்றால் பெருமிதத்துக்கு நிலைக்களமாக அவரே நான்கு சொல்கிறார்: கல்வி, தறுகண், இசைமை, கொடை. நான்கு கட்டம் போதுமே.

தலவாக்கலை டீச்சர்:

ஐயா, தறுகண் நல்ல சொல்தான். ஆனால் மன்னாரிலிருந்து வெறுங்கையோடு நடந்து வருகிறவனுக்குக் 'கொடை' 14 என்று போட்டால் அவன் எதைக் கொடுப்பான்? பிறப்பையும் குடிமையையும் எண்ணாக்கி, தோட்டத்து லய வீடுகளில் வளரும் பிள்ளைகள் கையில் கொடுக்க எனக்கு மனம் வராது. அதைத்தான் இவ்வளவு காலமும் மற்றவர்கள் செய்தார்கள்.

கோவையிலிருந்து:

'திறன்' போதுமே? உடல்திறன், கைத்திறன், சொல்திறன் என்று வரிசையாக அடுக்கலாம். இங்கே இயற்பியல் பாடத்தில் வாட் கணக்கில் அளப்பதைத் திறன் என்போம், அவ்வளவுதான்.

ஹட்டன்காரன்:

எங்களுக்கு அது 'வலு', அண்ணா. பாடத்தின் பெயரே பௌதிகவியல். நீங்கள் முடுக்கம் என்பது இங்கே ஆர்முடுகல். அதனால் பலத்துக்கு 'வலு' போட்டால் எங்கள் பிள்ளைகள் அலகு கேட்பார்கள், 'திறன்' போட்டால் உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள். 'தகைமை'யும் சரிவராது, அது வேலை விண்ணப்பம். 'தரம்' என்றால் வகுப்பு: "உன் பலம் தரம் 8" என்றால் "இல்லை, நான் தரம் 9" என்பான்.

பதுளை ஐயா:

அப்படியானால் என் கடைசிச் சொல்லைக் கேளுங்கள்: துப்பு. "அன்பிலன் ஆன்ற துணையிலன் தான்துவ்வான் என்பரியும் ஏதிலான் துப்பு" என்பது 862ஆம் குறள். அங்கே துப்பு என்றால் வலிமை. 106இல் "துன்பத்துள் துப்பாயார் நட்பு". பழைய சொல், ஆனால் செத்த சொல் இல்லை. இன்றைக்கும் தோட்டத்தில் ஒருவனைத் திட்ட "துப்புக்கெட்டவன்" என்கிறோமே, அந்தத் துப்புத்தான். இலக்கியத்திலும் லயத்திலும் ஒருசேர உயிரோடிருக்கிற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் எதற்குப் பட்டறை போடுகிறோம்?

தலவாக்கலை டீச்சர்:

ஐயா, இன்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். "உன் துப்பு எத்தனை?" என்று கேட்டதும் பின்வரிசையில் ஒருவன் ஜன்னலுக்கு வெளியே துப்பிவிட்டு "ஒன்று டீச்சர்" என்றான். துப்பு முடிந்தது.

மஸ்கெலியாவிலிருந்து, கணித ஆசிரியர்:

பெயருக்குச் சண்டை போடுமுன் எண்ணைக் கொஞ்சம் பாருங்கள். மூன்று கோடாத தாயக்கட்டைகள். 6×6×6, ஆக 216 விளைவுகள். 18 விழ ஒரே வழி. 10க்கு 27 வழி, 11க்கும் 27. அதாவது நான்கில் ஒரு பங்கு இந்த இரண்டில்தான் விழும். இடை, அதாவது சராசரி, 10.5. வகுப்பில் 36 பிள்ளைகள் ஆளுக்கு ஆறு முறை உருட்டினால் 216 உருட்டல். ஒரு 18 எதிர்பார்க்கலாம். 5 அல்லது அதற்குக் குறைவாகப் பத்து எதிர்பார்க்கலாம். அந்தப் பத்துத்தான் எனக்குக் கவலை. எண்ணுக்குப் பக்கத்தில் நீங்கள் எந்தச் சொல்லைப் போடுகிறீர்களோ அதைத்தான் பிள்ளை தன் பட்டப்பெயராக வீட்டுக்குக் கொண்டுபோகும். 'அழகு 4', 'புத்தி 5' என்றெல்லாம் அச்சடிக்காதீர்கள்.

வேண்டுமானால் நான்கு கட்டை உருட்டி மிகச் சிறியதை விட்டுவிடச் சொல்லுங்கள். இடை 12க்குச் சற்று மேலே போகும், அழுகை குறையும்.

பதுளை ஐயா:

'கோடாத' என்ற சொல்லைக் கணிதப் புத்தகத்தில் வைத்தவருக்குக் கோயில் கட்டலாம். "சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை சான்றோர்க் கணி." ஒரு பக்கம் சாயாத தராசிலிருந்து ஒரு பக்கம் சாயாத கட்டைக்கு! சரி, தொடருங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

தாக்குப்பிடிக்கும் சக்திக்கு 'ஓர்மம்' என்று போடுங்கோ. எங்கட ஆச்சிமார் சொல்லுற சொல்.

ஹட்டன்காரன்:

ஓர்மம் மனசுக்குரியது இல்லையா அண்ணை? காய்ச்சலோடு நடக்கிறவனுக்கு வேண்டியது உடம்பில் இருப்பது. எங்கள் பக்கத்தில் 'தெம்பு' என்போம். "சாப்பிடு, தெம்பு வரும்." தெலுங்கிலிருந்து வந்தது என்று ஐயா மடல் போடுவார், பரவாயில்லை.

பதுளை ஐயா:

போட மாட்டேன். தெம்பு இருக்கட்டும். ஆனால் பலத்துக்கு 'எறுழ்' வேண்டும். "எறுழ் வலியாகும்", தொல்காப்பியத்தின் உரியியல்.

தலவாக்கலை டீச்சர்:

பலம், லாவகம், தெம்பு மூன்றும் முடிந்தன. எறுழை எப்படி உச்சரிப்பது என்று சொல்லிக் கொடுப்பதற்குள் விடுமுறையே முடிந்துவிடும், ஐயா மன்னிக்கவும்.

அறிவு இரண்டும் எப்படியென்று பார்த்தேன். 637ஆம் குறளே பிரித்து வைத்திருக்கிறது: "செயற்கை அறிந்தக் கடைத்தும் உலகத்து இயற்கை அறிந்து செயல்." நூலில் கற்ற வழி ஒன்று, உலகம் நடக்கிற விதம் இன்னொன்று. அதனால் 'படிப்பு', 'பட்டறிவு'. எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்குப் படிப்பு 4, பட்டறிவு 17 விழுந்தால் அவள்தான் அந்தக் கூட்டத்தையே காப்பாற்றுவாள். 4 என்பது அவமானமாகவும் இருக்காது. மஸ்கெலியா கணித சேர் சொன்ன கவலைக்கும் அதுதான் மருந்து.

மிச்சம், ஆட்களை ஈர்ப்பது. 'கவர்ச்சி' என்று சொன்னால் அதிபர் என்னைக் கூப்பிடுவார். 'செல்வாக்கு' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

மஸ்கெலியா சேர்:

டீச்சர், கோப்பிக்காலத்துக் கதையில் செல்வாக்கு கூடாது. அங்கே செல்வாக்கு யாருக்கு? ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணிக்கு. அது எங்கிருந்து வந்தது? முன்பணத்திலிருந்து. ஊரில் கடனைக் கொடுத்து ஆளைச் சேர்த்து, அந்தக் கடனைத் துண்டில் எழுதி வைத்து, அடைக்காமல் வேறு தோட்டத்துக்குப் போகவிடாமல் பண்ணினார்கள். அவர் சொல்லை ஆட்கள் கேட்டது அவருடைய முகத்துக்காக அல்ல. பிள்ளைகள் கங்காணிப் பாத்திரத்துக்குச் செல்வாக்கு 16 போட்டு, கட்டை உருட்டி, "எல்லோரும் நான் சொன்னதைக் கேட்டார்கள்" என்று விளையாடினால் கடன் மறைந்துபோகும். கடனைத் தனியாக வையுங்கள். தாளின் அடியில் 'துண்டு' என்று ஒரு பெட்டி போட்டு, யாருக்கு எவ்வளவு என்று எழுதட்டும். அந்தப் பெட்டிக்குக் கட்டை உருட்டல் கிடையாது.

ஈர்ப்பு என்பது அதெல்லாம் இல்லாமலே பேச்சு எடுபடுகிற குணம். தோட்டங்களில் மன்மதன் கதையை ஆடுகிற காமன் கூத்தில், அவன் மனைவி ரதி வேஷம் கட்டுகிற பையனைப் பாருங்கள். நேற்றுவரை யாரும் கவனிக்காத பையன், அவன் ஒப்பாரி எடுத்தால் தோட்டமே அழும். அதற்குச் சொல் தேடுங்கள்.

கோவையிலிருந்து:

'சொல்வன்மை'? வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார்.

ஹட்டன்காரன்:

பேசாமலே ஈர்க்கிற ஆளும் உண்டே அண்ணா. என் வாக்கு 'முகராசி'க்கு.

பதுளை ஐயா:

ராசி வடசொல். அதோடு அது அதிர்ஷ்டம், குணமில்லை. கட்டை உருட்டுவதே அதிர்ஷ்டம். அதற்குள் இன்னோர் அதிர்ஷ்டமா?

தலவாக்கலை டீச்சர்:

வியாழன் இரவு. இதுவரை வந்ததில் ஆறையும் சேர்த்துச் சொல்ல 'இயல்பு' என்பதற்கு நான்கு பேர் சரி என்றிருக்கிறீர்கள், அதில் இரண்டு பேர் "சரி, என்னமோ போடுங்கள்" என்றிருக்கிறீர்கள். அதையும் சரி என்றே எடுத்துக்கொள்கிறேன். முகராசிக்கு மூன்று, சொல்வன்மைக்கு இரண்டு. துண்டுப் பெட்டி போட்டாயிற்று, அதற்காக ஓரத்துப் படத்தை எடுத்துவிட்டேன். காலையில் அச்சகத்துக்குப் போகிறது. எல்லோருக்கும் நன்றி.

ஹட்டன்காரன்:

டீச்சர், பிந்திவிட்டேன் போலிருக்கிறது. மென்பொருள் தமிழாக்கத்தில் 'இயல்புநிலை' என்றால் யாரும் மாற்றாமல் விட்ட அமைப்பு. 'இயல்பு' என்று தலைப்புப் போட்டால், எல்லோருக்கும் முதலிலேயே கிடைக்கிற எண் என்றல்லவா படும்?

பதுளை ஐயா:

உம்முடைய மென்பொருள்தான் மாற வேண்டும் தம்பி. இயல்பு என்பது இயல் என்னும் வினையடியில் பிறந்தது. இயல்தல் என்றால் கூடுதல், நடத்தல். நடந்து வருகிறவர்களின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா? இது பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன். எறுழ் பற்றியும்.