டைட்டானியம் ரவுண்ட் பார் எடை: என் கணக்கு 62.6 கிலோ, சப்ளையர் போட்டது 66.3 கிலோ, எது சரி?

குறிச்சி_டர்னிங் கேட்டது:

வணக்கம். கோவையில் சின்னதாக சிஎன்சி ஜாப் வொர்க் ஷாப் நடத்துகிறோம். இதுவரை இஎன்8, எஸ்எஸ் 304, பித்தளை இதெல்லாம்தான் ஓடியிருக்கிறது, இப்போதுதான் முதல்முறையாக டைட்டானியம் கிரேடு 5-ல் (அலுமினியமும் வனேடியமும் கலந்த ரகம்) பம்ப் உள்ளே போகிற ஒரு பின் (pin) ஆர்டர் பேச்சில் இருக்கிறது, மெட்டீரியலும் நாங்களே வாங்கிப் போட வேண்டும். 32 மிமீ ரவுண்ட் பார், 3 மீட்டர் நீளத்தில் 6 பார் கேட்டிருந்தேன். ஸ்டீலுக்குப் போடுகிற மாதிரியே விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தேன், மீட்டருக்கு 6.32 கிலோ, 18 மீட்டருக்கு 113.8 கிலோ வந்தது. டைட்டானியம் ஸ்டீலைவிட 45 சதவீதம் லேசு என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறார்களே, அதைக் கழித்தால் 62.6 கிலோ. சப்ளையர் அனுப்பிய புரோஃபார்மாவில் (சரக்குக்கு முன் தரும் உத்தேச பில்) 66.3 கிலோ. ஸ்டீல் என்றால் இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம், டைட்டானியம் விற்கிற விலைக்கு 3.7 கிலோ என்பது எங்கள் லாபத்தையே சாப்பிட்டுவிடும். எந்தக் கணக்கை நம்பி நான் கொட்டேஷன் கொடுப்பது?

பார்_ஸ்டாக் பதில்:

ரெண்டுமே சரியில்லைங்க. 162 என்பது ஸ்டீலின் 7.85 அடர்த்திக்காக வந்த எண், அதை எடுத்து 45 சதவீதம் கழிப்பது தோராயத்துக்கு மேல் தோராயம். கிரேடு 5-ன் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 4.43 கிராம், அதாவது ஸ்டீலைவிட 43.6 சதவீதம்தான் லேசு. நேராகவே போடுங்கள்: விட்டம் × விட்டம் ÷ 287.4, மீட்டருக்குக் கிலோ வந்துவிடும். 1024-ஐ 287.4-ஆல் வகுத்தால் 3.563 கிலோ, 18 மீட்டருக்கு 64.1 கிலோ. அதுதான் நீங்கள் கேட்ட சரக்கின் எடை.

இப்போது 66.3 எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். கலப்பில்லாத டைட்டானியம், அதாவது கிரேடு 1-லிருந்து 4 வரை, அடர்த்தி 4.51. அதற்கு வகுக்கும் எண் 282.3, மீட்டருக்கு 3.627 கிலோ. அதில் 18 மீட்டர் போட்டாலும் 65.3-தான் வருகிறது, இன்னும் ஒரு கிலோ இடிக்கிறது. நீளத்தை 3 மீட்டர் என்று எடுக்காமல் 10 அடி, அதாவது 3.048 மீட்டர் என்று எடுத்துப் பாருங்கள். 18.288 × 3.627 = 66.3. அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஆக அவர் 10 அடி பாருக்கு, கிரேடு 2 அடர்த்தியில் கணக்குப் போட்டிருக்கிறார் என்பதுதான் என் கணிப்பு. 10 அடியே தருவதாக இருந்தாலும் கிரேடு 5 என்றால் 65.2 கிலோதான் வரவேண்டும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள், பார் கிரவுண்டா (கிரைண்டிங் செய்தது), பீல்டா (மேல்தோல் மட்டும் சீவியது)? எச்9 டாலரன்ஸில் (அளவு எவ்வளவு குறையலாம் என்ற வரம்பு) கிரைண்டிங் செய்த பார் என்றால் 32-க்கு அதிகபட்சம் 0.062 மிமீ கீழே இறங்கும், எடையில் அரை சதவீதம்கூட வராது. கிரைண்டிங் இல்லாத பார் 32.5 வந்தால் எடை 3 சதவீதம் ஏறிவிடும், நீங்கள் சிப்ஸாக (சீவல்) தள்ளப்போகிற மெட்டீரியலுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவீர்கள். அதனால் புரோஃபார்மாவில் என்ன எடை இருந்தாலும், பில் மட்டும் தராசில் போட்ட எடைக்குத்தான் என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

ஸ்லைடிங்_ஹெட் பதில்:

மேலே சொன்ன கணக்கு எல்லாம் சரி, ஆனால் கொட்டேஷனில் காசு போகிற இடம் வேறு. பின் நீளம் என்ன, பார் ஃபீடரில் (பாரைத் தானாக மெஷினுக்குள் தள்ளும் கருவி) ஓட்டப்போகிறீர்களா?

குறிச்சி_டர்னிங்:

பார் ஃபீடர்தான் அண்ணா. நீளம் 85 மிமீ. பார்ட்டிங் டூல் (பின்னை வெட்டி எடுக்கிற டூல்) 3 மிமீ, ஃபேசிங்குக்கு (முனையைச் சமமாக்க) 1 மிமீ விடுவோம். கடைசியில் 250 மிமீ துண்டு மிஞ்சும்.

ஸ்லைடிங்_ஹெட் பதில்:

அப்போ ஒரு பின்னுக்கு 89 மிமீ போகிறது. 3000-ல் 250 கழித்தால் 2750, அதில் 30 பின். ஆறு பாருக்கு 180. நிறைய பேர் கொட்டேஷனில் 85 மிமீ துண்டின் எடையை, அதாவது 303 கிராமை மட்டும் போடுவார்கள். நீங்கள் வாங்கிய 64.1 கிலோவை 180-ஆல் வகுங்கள், 356 கிராம். ஒவ்வொரு பின்னிலும் 53 கிராம் கணக்கில் இல்லாமல் போகிறது, அடர்த்தியில் வருகிற 2 சதவீதத்தையெல்லாம் இது தூக்கிச் சாப்பிட்டுவிடும். அதே சமயம் அந்த 10 அடி பாரை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். 3048-ல் 250 போனால் 2798, அதில் 31 பின் வரும், பாருக்கு ஒன்று கூடுதல். 65.2 கிலோவுக்கு 186 பின், ஒன்றுக்கு 350 கிராம்தான் விழுகிறது. நீளம் கூடியது உங்களுக்கு நஷ்டமே இல்லை, அடர்த்தியைத்தான் திருத்தச் சொல்ல வேண்டும்.

சிப்ஸை எஸ்எஸ் சிப்ஸோடு கலக்காமல் தனி டிரம்மில் போடுங்கள், கலந்தால் விலை போகாது. மெல்லிய டைட்டானியம் சிப்ஸ் சூட்டில் பற்றிக்கொள்ளும், பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது, காய்ந்த மணல் ஒரு வாளி மெஷின் பக்கத்திலேயே இருக்கட்டும். இதை ஆபரேட்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள் தம்பி.

க்யூசி_ஓசூர் பதில்:

66.3-ஐ பார்_ஸ்டாக் பிரித்துக் காட்டியது அருமை, ஆனால் அதில் எனக்கு இன்னொரு பயம் இருக்கிறது. சப்ளையர் கை தவறிக் கிரேடு 2 அடர்த்தியைப் போட்டாரா, இல்லை கொடுக்கப்போவதே கிரேடு 2-வா? பார்வைக்கு ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், வலிமையில் பாதிக்கும் மேல் வித்தியாசம், பம்ப் உள்ளே போகிற பின்னில் இது விளையாட்டில்லை. சரக்கு வந்ததும் மில் டெஸ்ட் சர்டிஃபிகேட்டில் இருக்கும் ஹீட் நம்பர் (உருக்கிய தொகுதியின் எண்) பாரில் பஞ்ச் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து லேபில் எக்ஸ்ஆர்எஃப் கன் (எக்ஸ்ரேயால் உலோகக் கலவையைக் காட்டும் கருவி) இருந்தால் ஒரு நிமிஷ வேலை, வனேடியம் 4 சதவீதம் பக்கம் காட்டினால் கிரேடு 5 பக்கம்தான் நிற்கிறீர்கள்.

அது கிடைக்காவிட்டால் ஒரு துண்டை வெட்டி நீங்களே அடர்த்தி பார்க்கலாம். 0.1 கிராம் காட்டுகிற தராசு போதும். முதலில் துண்டை எடை போடுங்கள். அப்புறம் தராசு மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து டேர் அடித்துப் பூஜ்யமாக்கிவிட்டு, துண்டை நூலில் கட்டி அடியில் படாமல் முழுசாக முக்குங்கள், தராசு காட்டுவது துண்டு தள்ளிய தண்ணீரின் எடை. முதல் எடையை அதனால் வகுத்து 0.996-ஆல் பெருக்குங்கள், நம் ஊர் வெப்பத்தில் தண்ணீரின் அடர்த்தி அவ்வளவுதான் இருக்கும், 1 என்று போட்டால் விடை கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். விடை 4.43 பக்கம் வந்தால் கிரேடு 5, 4.51 பக்கம் வந்தால் கிரேடு 2, இந்த முறையில் விட்டத்தை அளக்கும்போது வரும் பிழை உள்ளே நுழையாது. நூலிலும் துண்டிலும் காற்றுக்குமிழ் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, கிரேடு 5-ஐயும் கிரேடு 23-ஐயும் இந்த வழியில் பிரிக்க முடியாது, அடர்த்தி ஒன்றுதான், முக்கியமாக ஆக்சிஜன் அளவில் வித்தியாசம். எக்ஸ்ஆர்எஃப்பும் ஆக்சிஜனைக் காட்டாது. உங்கள் டிராயிங்கில் 23 கேட்டிருந்தால் சர்டிஃபிகேட்டும் லேப் டெஸ்டும்தான் வழி.

குறிச்சி_டர்னிங்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சப்ளையருக்கு ஃபோன் போட்டேன், பார் 10 அடிதான் என்று ஒத்துக்கொண்டார், 4.43-ல் திருத்தி அனுப்புவதாகவும் சர்டிஃபிகேட் முன்கூட்டியே காட்டுவதாகவும் சொல்லியிருக்கிறார். ஒரு பின்னுக்கு 350 கிராம் என்று வைத்துக் கொட்டேஷனை மாற்றிவிட்டேன். இதே ஆர்டரில் 27 மிமீ ஹெக்ஸ் (அறுகோண) பாரும் கொஞ்சம் வரும் போல, அதற்கு வகுக்கும் எண் என்ன?

பார்_ஸ்டாக் பதில்:

கிரேடு 5 ஹெக்ஸுக்கு எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே உள்ள அளவை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி 260.7-ஆல் வகுங்கள், மூலைக்கு மூலை அளவை எடுத்துவிடாதீர்கள். 27-க்கு மீட்டர் 2.8 கிலோ. சதுர பார் என்றால் 225.7.